பாசி பின்னும் வேலை: தையல் வகைகளும் கூலிக் கணக்கும்

தேர்த் திருவிழாவுக்கு வருகிற பாசிக் கடையைச் சுற்றிப் பொம்பளைப் பிள்ளைகள் நிற்பதை எல்லாரும் பார்த்திருப்போம். அங்கே வாங்குகிற மாலை அநேகமாக ஒரே நூலில் வரிசையாகக் கோர்த்ததாகத்தான் இருக்கும். ஒரு இடத்தில் நூல் அறுந்தால் போதும், அத்தனை பாசியும் லயத்து வாசலில் உருண்டு கானுக்குள் போய்விடும். இந்த இதழில் நாங்கள் சொல்லப்போவது அந்த மாதிரிக் கோர்ப்பதைப் பற்றி இல்லை. மெல்லிய ஊசியை வைத்துப் பாசியைப் பாசியோடு சேர்த்து, துணி நெய்கிற மாதிரிப் பின்னுகிற வேலையைப் பற்றி. இதில் பல பாசிகளுக்குள் நூல் இரண்டு தடவையாவது போய் வருகிறது. அதனால் ஒரு இடத்தில் அறுந்தாலும் மொத்தமும் கொட்டாது, தைத்துச் சரிபண்ணலாம்.

மாதர் சங்கக் கூட்டங்களுக்குப் போகும்போது, “வீட்டில இருந்தே செய்யிற மாதிரி ஏதாவது கைத்தொழில் சொல்லித் தாங்க” என்று கேட்கிறவர்கள் பலர். தையல் மெஷினுக்குக் கையில் முதல் வேண்டும். கோழி வளர்க்க இடம் வேண்டும். பாசி வேலைக்கு ஒரு தட்டு, ஒரு ஊசி, ஒரு நூல் உருண்டை, நாலைந்து நிறத்தில் பாசி இருந்தால் ஆரம்பிக்கலாம். லயக் காம்பராவில் ஒரு மூலை போதும். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இது சல்லி காய்க்கிற மரம் இல்லை. கூலியைக் கணக்குப் பார்க்காமல் செய்தால் கண்ணும் போய்க் காசும் போகும். அந்தக் கணக்கைக் கடைசியில் போட்டுக் காட்டுகிறோம், அவசியம் படியுங்கள்.

பாசி நமக்குப் புதிய சாமான் இல்லை. கண்ணாடியை உருக்கி, நீளக் குழாயாக இழுத்து, அதைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, திரும்பச் சூடுகாட்டி முனையை மழுங்க வைத்துச் செய்கிற பாசி, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் 2000 வருஷத்துக்கு முன்பே இருந்தது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள அரிக்கமேட்டிலும், மன்னாருக்குப் பக்கத்தில் உள்ள மாந்தைத் துறைமுகத்திலும் மண்ணைத் தோண்டியவர்கள் இந்தப் பாசிகளைக் கண்டெடுத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் கிழக்கு ஆபிரிக்கா, மறுபக்கம் கொரியா, யப்பான் வரைக்கும் இந்த வகைப் பாசி போயிருக்கிறது. நம்முடைய பாட்டன் பூட்டன்மார் பல பேர் கடல் கடந்து இறங்கியதும் அதே மன்னார்க் கரைதான். அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த கதை எல்லா வீட்டிலும் உண்டு.

பாசி வாங்கும்போது

கடையில் பாசிக்கு நம்பர் சொல்வார்கள். 6, 8, 11, 15 என்று போகும். நம்பர் கூடக் கூடப் பாசி சின்னதாகும், இதை மறக்கக் கூடாது. 6ஆம் நம்பர் சுமார் 4 மில்லிமீற்றர், 8ஆம் நம்பர் 3 மில்லிமீற்றர், 11ஆம் நம்பர் 2 மில்லிமீற்றர். பழகுகிறவர்களுக்கு 8ஆம் நம்பர் நல்லது. கை படிந்த பிறகு 11க்குப் போகலாம். 15 வேண்டவே வேண்டாம், அது கண்ணைத் தின்னும்.

செக் நாட்டுப் பாசியும் யப்பான் பாசியும் பேர்போனவை. யப்பான் பாசி ஒன்றுபோல் ஒன்று இருக்கும், விலையும் அப்படித்தான். இந்தியாவில் இருந்தும் சீனாவில் இருந்தும் வருகிற பாசி மலிவு. ஆனால் ஒன்று தடிப்பு, ஒன்று மெலிவு, சிலதில் ஓட்டை அடைத்திருக்கும். மலிவுப் பாசியை ஒதுக்கத் தேவையில்லை. கொழுந்து மடுவத்தில் முற்றல் இலையைப் பொறுக்கித் தள்ளுகிறோம் அல்லவா, அந்த மாதிரித் தட்டில் கொட்டிக் கோணல் பாசியைப் பொறுக்கிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். பொறுக்குகிற நேரத்தையும் கூலியில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நிறம் போகுமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. புதுப் பாசியில் பத்தை எடுத்துச் சவர்க்காரத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவையுங்கள். இன்னும் பத்தை வெயில் படுகிற ஜன்னலில் ஒரு கிழமை வையுங்கள். பிறகு வாங்கின பாசியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். றோஸ், ஊதா நிறங்களில் மேலே சாயம் பூசியதுதான் அநேகம், அவைதான் முதலில் வெளுக்கும். மழையிலும் வியர்வையிலும் நிற்கிற நம்மவர்களுக்கு விற்பதென்றால் இந்தச் சோதனையை விடக் கூடாது. பாசிக்கே உரிய நிறம் என்றால் உடைத்தாலும் உள்ளே அதே நிறம் இருக்கும்.

ஊசி, பாசிக்கென்றே விற்கிற மெல்லிய ஊசியாக இருக்கணும். 11ஆம் நம்பர்ப் பாசிக்கு 10 அல்லது 12ஆம் நம்பர் ஊசி. வீட்டில் இருக்கிற தையல் ஊசியின் காது தடிப்பு, ஒரு தடவை போனாலும் இரண்டாம் தடவை சிக்கிப் பாசியை உடைக்கும். நூல் நைலோன் நூல். தேன்மெழுகில் ஒரு தடவை இழுத்து எடுத்தால் சிக்கு விழாது. தங்கூசி நூல் மலிவுதான், சில வேலைக்கு வசதியும் கூட, ஆனால் கொஞ்சக் காலத்தில் இழுபட்டு நொறுங்கிப் போகும். எந்த நூலாக இருந்தாலும் ஒரே தடவையில் மூன்று முழத்துக்கு மேல் வெட்டாதீர்கள். நீள நூல் மிச்சம் என்று நினைப்போம், பாதி நேரம் சிக்கெடுக்கத்தான் போகும்.

பூச்சங்கிலி

முதலில் பழக வேண்டியது இதுதான். பிள்ளைகளுக்குக் கூடச் சீக்கிரம் பிடிபடும். எட்டு வெள்ளைப் பாசியை ஊசியில் கோருங்கள். நூல் நுனியில் ஒரு சாண் விட்டுவிட்டு, முதல் பாசிக்குள் அதே திசையில் ஊசியைத் திரும்ப விட்டு இழுத்தால் எட்டும் வட்டமாகச் சேரும். இப்போது ஒரு மஞ்சள் பாசியை எடுங்கள், இதுதான் பூவின் நடு. வெள்ளைப் பாசிகளை முதலில் இருந்து எண்ணி, எதிரே இருக்கிற ஐந்தாவது பாசிக்குள் ஊசியை விடணும். எந்தப் பக்கத்தால் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஆறாவது பாசி இருக்கிற பக்கத்தால் உள்ளே விட்டு, நாலாவது பாசி இருக்கிற பக்கத்தால் வெளியே எடுங்கள். இழுத்ததும் மஞ்சள் பாசி நடுவில் சரியாக உட்காரும். பக்கம் மாறினால் மஞ்சள் ஒரு ஓரமாகச் சாய்ந்து கிடக்கும்.

பிறகு மூன்று பச்சைப் பாசி, மறுபடி எட்டு வெள்ளை, அந்த எட்டில் முதலாவதுக்குள் திரும்ப ஊசி, மஞ்சள், ஐந்தாவது. அவ்வளவுதான். கைக்குப் போட ஆறரை அங்குலம் என்றால் 11ஆம் நம்பரில் 16 பூ வரும். பூவுக்கு 9 பாசி, இலைக்கு 3, ஆக ஏறக்குறைய 190 பாசி.

பெயோட்டித் தையல்

பட்டியாக, அகலமாகச் செய்வதற்கு இதுதான் அரசன். அமெரிக்காவின் பூர்வகுடி மக்கள் சிலர் தங்கள் சமயச் சடங்குப் பொருட்களில் செய்து வந்ததால் இந்தப் பெயர் வந்தது.

முதலில் ஒரு வேறு நிறப் பாசியை நூலில் போட்டு, அதற்குள் இரண்டு தடவை ஊசியை விட்டு நிறுத்துங்கள். இது காவல்காரன் மாதிரி, கடைசியில் கழற்றிவிடலாம். பிறகு எட்டுப் பாசி கோருங்கள். எப்போதும் இரட்டை எண்ணிக்கையாக இருந்தால் திரும்புவது லேசு. இனி ஒரு பாசியை எடுத்து, எட்டாவதை விட்டுவிட்டு ஏழாவதுக்குள் ஊசியைத் திருப்பி விடுங்கள். அடுத்த பாசி எடுத்து ஆறாவதை விட்டு ஐந்தாவதுக்குள். இப்படியே ஒன்றை விட்டு ஒன்று, மூன்று, முதலாவது என்று போய் அடுத்த முனைக்கு வருவீர்கள். இப்போது பார்த்தால் சீப்புப் பல் மாதிரி ஒரு பாசி மேலே, ஒரு பாசி கீழே நிற்கும். இனிமேல் கணக்கே வேண்டாம். மேலே துருத்திக்கொண்டு நிற்கிற பாசிக்குள்தான் ஊசி போகணும், இடையில் இருக்கிற பள்ளத்தில் புதுப் பாசி விழணும்.

முதல் மூன்று வரியும் முறுக்கிக்கொண்டு, பாம்பு மாதிரி நெளியும். இந்த இடத்தில்தான் அநேகம் பேர் “இது எனக்குச் சரிவராது” என்று தூக்கிப் போடுகிறார்கள். இடது கைப் பெருவிரலால் அமத்திப் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டு வரி போடுங்கள், தானாகப் படியும். கொழுந்தெடுக்கிற கைக்கு விரல் நுனியில் பிடிப்பு ஏற்கனவே இருக்கிறது. விரல் வெடித்திருந்தால் மட்டும் நூல் பிசிறில் மாட்டும். ராத்திரி கொஞ்சம் தேங்காய் எண்ணெய் பூசிவிட்டு, வேலைக்கு உட்கார முந்தி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள்.

கோலம், பூ, பெயர் எல்லாம் இதில் போடலாம். செங்கல் வரிசை மாதிரிக் கட்டத்தை ஒரு கொப்பியில் கீறி, நிறப் பென்சிலால் நிரப்பி, வரி வரியாகப் பார்த்துச் செய்தால் பிசகாது.

செங்கல் தையலில் தோடு

முடிந்ததைப் பார்த்தால் பெயோட்டியும் இதுவும் ஒரே மாதிரித்தான், பக்கவாட்டில் திருப்பிய மாதிரி இருக்கும். செய்கிற விதம் வேறு. முக்கோணத் தோட்டுக்கு இது மிகவும் தோது.

முதலில் ஏணி போடணும். இரண்டு பாசி கோர்த்து, முதலாவதுக்குள் திரும்ப விட்டு, இரண்டாவதுக்குள் வெளியே வந்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். மூன்றாவதை எடுத்து, நூல் வெளியே வந்த அந்த இரண்டாவதுக்குள் மறுபடி சுற்றிக்கொண்டு வந்து, பிறகு மூன்றாவதுக்குள் போகணும். இப்படி ஏழு பாசி. ஏணியின் மேல் விளிம்பைப் பார்த்தால் ஒவ்வொரு இரண்டு பாசிக்கும் நடுவில் ஒரு சின்ன நூல் பாலம் தெரியும். ஏழு பாசிக்கு ஆறு பாலம்.

இனி இரண்டு பாசியைச் சேர்த்து எடுத்து, இரண்டாவது பாலத்துக்கு அடியால் ஊசியை விட்டு, அந்த இரண்டு பாசியில் கடைசியாக எடுத்ததற்குள் மேலே வாருங்கள். பிறகு ஒரு பாலத்துக்கு ஒரு பாசி. இந்த வரியில் ஆறு வரும். அடுத்த வரியில் ஐந்து, பிறகு நாலு, மூன்று, இரண்டு. மொத்தம் 27 பாசி. உச்சியில் இருக்கிற இரண்டில் ஒன்றில் இருந்து ஐந்து பாசி எடுத்து மற்றதுக்குள் இறங்கினால் கொக்கி மாட்ட வளையம் கிடைக்கும். அடியில் இருக்கிற ஏழு பாசியிலும் குஞ்சம் தொங்கவிடலாம். வேண்டிய அளவு பாசி கோர்த்து, கடைசிப் பாசியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாத்துக்குள்ளும் ஊசி திரும்பி மேலே வரணும். விட்ட அந்த ஒரு பாசிதான் மற்றதைத் தாங்கும்.

காதில் மாட்டுகிற கொக்கியில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். மலிவுக் கொக்கியில் நிக்கல் கலந்திருக்கும். சிலருக்கு அது காதைப் புண்ணாக்கிச் சீழ் பிடிக்க வைக்கும். ஒருத்திக்குக் காது புண்ணானால் அந்த லயத்தில் அப்புறம் தோடு விற்க முடியாது.

நாலு பாசிக் கட்டும் மற்றதுகளும்

தங்கூசி நூலில் செய்ய வசதியான தையல் இது. நூலின் நடுவில் மூன்று பாசி போட்டு, நாலாவது பாசிக்குள் இரண்டு நுனியையும் எதிரும் புதிருமாக விட்டு இழுத்தால் ஒரு சதுரம் வரும். பிறகு இடது நுனியில் ஒன்று, வலது நுனியில் ஒன்று, நடுவில் ஒன்றில் இரண்டையும் குறுக்கே விடுவது. ஊசியே தேவையில்லை. பெரிய பாசியில் செய்தால் ஒரு மணித்தியாலத்தில் கழுத்து மாலை முடியும்.

தென்னாபிரிக்காவின் இந்தபெலே மக்கள் பேரால் அறியப்படுகிற தையல் ஒன்று இருக்கிறது. அதில் பாசிகள் சோடி சோடியாகச் சாய்ந்து, மீன் முள் மாதிரித் தெரியும். பெயோட்டி கை வந்தவர்களுக்கு அது கஷ்டம் இல்லை. வலைத் தையல் எல்லாவற்றிலும் பழையது என்று சொல்லலாம். எகிப்தில் கீசா என்ற இடத்தில் 1927இல் திறந்த ஒரு கல்லறையில் 4500 வருஷப் பழமையான பாசி வலைச் சட்டை ஒன்று கிடைத்தது. நூல் மக்கிப் போயிருந்தது. ஆனால் சில பாசிகள் கோர்த்த ஒழுங்கிலேயே கிடந்தபடியால் அதைப் பார்த்துத் திரும்பக் கோர்த்துவிட்டார்கள். இப்போது அது அமெரிக்காவில் பொஸ்டன் நகர நூதனசாலையில் இருக்கிறது.

கண்ணும் பிள்ளையும்

நாள் பூராவும் மலையில் நின்றுவிட்டு, சமைத்து, பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு மங்கல் பல்புக்கு அடியில் பாசி கோர்ப்பது சரியே இல்லை. பகல் வெளிச்சத்தில், ஞாயிற்றுக்கிழமையில், வேலை இல்லாத நாளில் செய்யுங்கள். தட்டின் மேல் வெள்ளைத் துணி விரித்தால் பாசி உருளாது, கண்ணுக்கும் தெரியும். அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எழுந்து எதிர் மலையைப் பாருங்கள். நாற்பது வயது தாண்டியவர்களுக்கு ஊசிக் காது தெரியவில்லை என்றால் அது கிட்டப் பார்க்கிற கண்ணாடி வேண்டும் என்கிற அறிகுறி. கண் கிளினிக்கில் காட்டுங்கள், அடுத்த வீட்டு ஆச்சியின் கண்ணாடியை இரவல் வாங்கிப் போடாதீர்கள்.

தவழுகிற பிள்ளை இருக்கிற வீட்டில் பாசியை மூடி போட்ட போத்தலில் உயரத்தில் வையுங்கள். பாசி மூக்குக்குள்ளும் காதுக்குள்ளும் போகும், பெரிய பாசி தொண்டையில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அறுந்த ஊசித் துண்டையும் எண்ணி எடுத்துவிடணும்.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் ஆசைக்குப் பழகட்டும். ஆனால் ஓடர் வந்திருக்கிறது என்று அவர்களைப் படிப்பில் இருந்து நிறுத்தி உட்கார வைப்பதை நாங்கள் ஒரு போதும் ஏற்க மாட்டோம்.

கூலிக் கணக்கு

எட்டுப் பாசி அகலத்தில் பெயோட்டிக் கைப்பட்டி ஒன்றுக்கு 11ஆம் நம்பரில் ஏறக்குறைய 650 பாசி போகும், எடை 6 கிராம் வரும். நிமிஷத்துக்கு நாலு பாசி வீதம் போட்டால் இரண்டே முக்கால் மணித்தியாலம். முடிச்சு, கொக்கி எல்லாம் சேர்த்து மூன்று என்று வையுங்கள். பாசி, நூல், கொக்கிச் செலவு 200 ரூபாய் என்று கணக்குக்காக எடுப்போம், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் வந்து 350 ரூபாய்க்குக் கேட்கிறார். 150 ரூபாய் லாபம் என்று கொடுத்துவிடத் தோன்றும். அந்த 150ஐ மூன்றால் வகுத்தால் மணித்தியாலத்துக்கு 50 ரூபாய். எட்டு மணித்தியாலம் குனிந்து உட்கார்ந்தால் 400. 2024இல் தோட்டத் தொழிலாளருக்குச் சம்பளச் சபை நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளமே 1350 ரூபாய். அந்த 1350ஐ எட்டால் வகுத்தால் மணித்தியாலத்துக்கு 169 ரூபாய் சொச்சம். மூன்று மணித்தியாலத்துக்கு 506. பாசிச் செலவு 200ஐச் சேர்த்தால் 706. ஆகவே 700க்குக் குறைந்தால் நீங்கள் உங்கள் உழைப்பை இனாமாகக் கொடுக்கிறீர்கள்.

கைப்பட்டியை 700க்கு நம் ஊரில் வாங்குவார்களா என்று கேட்பீங்க. கஷ்டம்தான். அதனால்தான் பூச்சங்கிலியை முதலில் சொன்னோம். 190 பாசிக்கு 50 நிமிஷம் போதும், கூலி 140 ரூபாய்தான் ஆகும். திருவிழாக் கடையிலும் பள்ளிக்கூடச் சந்தையிலும் போகக்கூடிய விலைக்குக் கொடுக்கலாம். அகலப் பட்டியை உல்லாசப் பயணிகள் வருகிற எல்ல, நுவரெலியா, கண்டிப் பக்கத்துக் கடைகளுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் கடைக்காரர் தன் பங்கை வைத்துத்தான் விற்பார். அவர் விற்கிற விலை என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பேசுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து மொத்தமாகப் பாசி வாங்கினால் செலவு குறையும். எல்லாரும் ஒரே விலை சொன்னால், ஒருத்தியை வைத்து இன்னொருத்தியின் விலையைக் குறைக்க முடியாது.

சில ஆட்கள் வந்து, “நாங்களே பாசி தாறோம், கோர்த்துக் கொடுத்தால் காசு, ஆனா முதல்ல டிப்போசிட் கட்டணும்” என்பார்கள். கோர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் “தரம் பத்தாது” என்று திருப்பிவிடுவார்கள், கட்டின காசும் வராது. வேலை கொடுக்கிறவர் உங்களிடம் காசு வாங்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை. டிப்போசிட் என்ற பேச்சு வந்தாலே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டிப்போசிட் கேட்காதவர் என்றாலும், துண்டுக்கு எவ்வளவு, எந்தத் திகதியில் காசு, திருப்பினால் யார் நட்டம் என்ற மூன்றையும் அவர் கையெழுத்தோடு ஒரு தாளில் வாங்கி, ஒரு மாதிரித் துண்டையும் உங்களிடம் வைத்துக்கொண்டு, அதன் பிறகு பாசியைக் கையில் வாங்குங்கள்.